கலரியில் இருந்து பார்த்த திரை

வணக்கம் நேயர்களே. ஐமாக்ஸ், டொல்பி, பெரிய திரை என்று இப்போது பிள்ளைகள் பேசிக்கொள்கிற விசயங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் படம் ஓட்டியவன். எண்பதுகளில் மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டர் ஒன்றில் ஒப்பரேட்டருக்கு உதவியாளாக எட்டு வருடம், மறுகா வளைகுடா நாடு ஒன்றில் பல திரைகள் உள்ள படமாளிகையில் பதினாறு வருடம். பெரிய திரைக்குக் காசு கொடுக்கலாமா, கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறோம், அப்படி ஒன்று நமது ஊருக்கு வேண்டுமா என்று கேட்டால் எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கலரியில் இருந்து தொடங்குகிறேன். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. திரைக்கு மிகக் கிட்ட, முன்னால் போட்டிருக்கும் நீட்டு மரவாங்குகள்தான் கலரி. சாய்வதற்கு முதுகுப்பலகை கிடையாது, ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற கணக்கும் கிடையாது, கொஞ்சம் நெருங்கினால் இன்னும் ஒருவர் ஏறலாம். டிக்கட் அங்கேதான் மலிவு. அதற்குப் பின்னால் இரண்டாம் வகுப்பு, அதற்கும் பின்னால் முதலாம் வகுப்பு, மேலே பல்கனி. காசு கூடக் கூடத் திரையை விட்டு விலகிப் போவதுதான் அன்றைய ஒழுங்கு. வாவியில் வலை போட்டுப் பிழைத்த அப்பாவின் மகன் எனக்கு எப்போதும் கலரிதான்.

படம் முடிந்து வெளியே வந்தால் பிடரி இரண்டு நாளைக்கு வலிக்கும். ஆனாலும் அந்த இடத்தில் ஒரு சங்கதி இருந்தது. கதாநாயகியின் முகம் கிட்டத்தில் வந்தால் அது ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு வரும், கண்ணை இந்தப் பக்கம் திருப்பினால் தோடு, அந்தப் பக்கம் திருப்பினால் மூக்குத்தி, நெற்றிப் பொட்டைப் பார்க்க வேண்டும் என்றால் தலையையே தூக்க வேண்டும். திரையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. கடல் காட்டினால் கடலுக்குள் நிற்பேன். பிறகு பல்கனியில் இருந்தும் பார்த்திருக்கிறேன், அங்கே படம் ஓர் அழகான சட்டத்துக்குள் தூரத்தில் ஓடும். கலரியில் எனக்குச் சட்டமே கிடையாது.

ஒரு குறைதான். கிட்ட இருந்தால் படம் பொரிந்து தெரியும். வானத்தைக் காட்டினால் மணலை வாரி எறிந்தது போல் புள்ளி புள்ளியாகத் துடித்துக்கொண்டிருக்கும். ஏன் அப்படி என்று எனக்குத் தெரிந்தது, 1982-ல் அக்காவின் புருசன், எங்கள் அத்தான், என்னை ஒப்பரேட்டர் அறைக்குள் கூட்டிப் போன பிறகுதான்.

அந்த அறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு புரொஜெக்டர், இரண்டுக்கும் உள்ளே கார்பன் குச்சிகள். இரண்டு குச்சியின் நுனியையும் முட்டவைத்துப் பிறகு மெல்ல விலக்கினால் இடையில் வெல்டிங் வெளிச்சம் மாதிரி ஒரு வெளிச்சம் பற்றிக்கொள்ளும், அதை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி பொருத்திய சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டும். குச்சி எரிந்து குறையக் குறையக் கிட்டக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும், கவனம் தப்பினால் திரையில் முகம் எல்லாம் மஞ்சளாகிவிடும், கலரியில் இருந்து சீழ்க்கை வரும். ஒரு ரீல் இருபது நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். முடிவதற்கு எட்டு வினாடி இருக்கும்போது திரையின் வலது பக்க மேல் மூலையில் ஒரு வட்டப் பொட்டு மின்னும், அப்போது மற்ற புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். முடிய ஒரு வினாடி இருக்கும்போது இன்னொரு பொட்டு, அப்போது மாற்ற வேண்டும். படம் பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தப் பொட்டைக் கண்டதே இல்லை. எனக்கோ இன்று வரைக்கும் பழைய படம் ஓடினால் கண் அந்த மூலைக்குத்தான் போகும்.

ஒருநாள் அத்தான் அறுந்த ரீலில் ஒரு துண்டை வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு படச் சட்டம் என் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். 35 மில்லிமீட்டர் பிலிம் என்று சொன்னாலும் ஓரத்து ஓட்டைகளுக்கும் ஒலிக்கும் இடம் போகப் படத்துக்குக் கிடைப்பது 22 மில்லிமீட்டர் அகலம். அதை முப்பதடித் திரைக்கு ஏற்றினால் அகலத்தில் மட்டும் நானூறு மடங்குக்கு மேல் பெருக்கம். “இந்த நகத்துக்குள்ள கிடக்கிறதத்தான்டா நீ முன்னுக்கு இருந்து பாக்கிறாய், பொரியாம என்ன செய்யும்?” என்று கேட்டார். பெரிய திரையின் முழுப் பிரச்சினையும் அந்த ஒரு கேள்விதான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர்கள் கனடாக்காரர்கள். 1967-ல் மொன்ரியால் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பல புரொஜெக்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய திரைகளில் படம் காட்டிப் பார்த்தார்கள். பெரிய வில்லங்கம். ஒன்றோடு ஒன்று பொருந்தாது, மூட்டு தெரியும். அந்த அனுபவத்தில் இருந்து கிரஹாம் பெர்குசன், ரோமன் குரோய்ட்டர், ராபர்ட் கெர் ஆகியோர் சேர்ந்து, பல புரொஜெக்டர் வேண்டாம், ஒரே ஒரு பலமான புரொஜெக்டர் போதும், ஆனால் பிலிமைப் பெரிதாக்குவோம் என்று தொடங்கியதுதான் ஐமாக்ஸ். 1970-ல் ஜப்பானின் ஒசாக்கா கண்காட்சியில் முதல் படத்தைக் காட்டினார்கள், 1971-ல் டொரன்ரோவில் முதல் நிரந்தர அரங்கு.

அவர்கள் செய்தது என்னவென்றால், 70 மில்லிமீட்டர் பிலிமை எடுத்துப் படுக்கையாக ஓடவிட்டார்கள். சாதாரண பிலிம் மேலிருந்து கீழே ஓடும், ஒரு படச் சட்டத்துக்கு நான்கு ஓட்டை. ஐமாக்ஸ் பிலிம் பக்கவாட்டில் ஓடும், ஒரு சட்டத்துக்குப் பதினைந்து ஓட்டை. சட்டத்தின் அகலமே 70 மில்லிமீட்டர் வந்துவிடும், பரப்பளவில் பார்த்தால் பழைய 35-ஐப் போல ஒன்பது, பத்து மடங்கு. எழுபதடித் திரைக்கு ஏற்றினாலும் முந்நூறு மடங்குதான் பெருக்கம். எங்கள் ஊர் முப்பதடித் திரையை விடக் குறைவு! அவ்வளவு பெரிய பிலிமைச் சாதாரண முறையில் இழுத்தால் கிழிந்துவிடும். அதற்கு ரொன் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலியர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார், பிலிமை அலை போல வளைத்து வளைத்து உருட்டி விடுவது. ஒவ்வொரு சட்டமும் வந்து ஊசிகளில் பொருந்தும், காற்றை உறிஞ்சி அதைத் தட்டையாகப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு கணம் அசையாமல் நிற்கும், மறுகா அடுத்த அலை. வினாடிக்கு இருபத்துநான்கு தடவை. 2023-ல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’ மூன்று மணிநேரப் படம், அதன் ஐமாக்ஸ் பிலிம் பிரதி ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளம், 270 கிலோ நிறை. மட்டக்களப்பில் இருந்து விரித்துக்கொண்டு போனால் ஏறாவூரும் கடந்துவிடும். அதை அப்படியே ஓட்டக்கூடிய அரங்குகள் உலகம் முழுக்கவும் முப்பதுதான் கிடைத்தன.

இதில் எனக்கு முக்கியமான விசயம் ஆசனங்கள். உண்மையான ஐமாக்ஸ் அரங்கில் ஆசன வரிசைகள் செங்குத்தாக ஏறும், கடைசி வரிசைகூடத் திரைக்குக் கிட்டத்தான். எங்கே இருந்தாலும் திரையின் ஓரம் கண்ணுக்குப் படாது, ஆனால் கழுத்து வலிக்காது, படம் பொரியாது. அதாவது அவர்கள் கலரியைத்தான் முழு அரங்குக்கும் விரித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஆகக் குறைந்த காசுக்கு நாங்கள் கண்ட அந்த அனுபவத்தைக் குறைகளை நீக்கிச் செய்து, இன்று ஆகக் கூடிய விலைக்கு விற்கிறார்கள். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஏன் திரை பெரிதாகிக்கொண்டே போகிறது? வீட்டுக்குள் ஒரு திரை வந்த ஒவ்வொரு தடவையும் தியேட்டர்காரர்கள் திரையை அகலமாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டீவி பரவியபோது 1952-ல் சினராமா, 1953-ல் சினிமாஸ்கோப். தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973-ல் ‘ராஜராஜ சோழன்’, முதல் 70 மில்லிமீட்டர் 1986-ல் ‘மாவீரன்’. நமது நாட்டில் அரச டீவியான ரூபவாஹினி தொடங்கியது 1982-ல், அத்தான் என்னைக் கூட்டிப் போன அதே வருடம். பிறகு வீடியோ டெக் வந்தது. அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாத ஊருக்கு ஜெனரேட்டரும் கொண்டுபோய், வளவுக்குள் பாயை விரித்து விடிய விடிய மூன்று நான்கு படம். இரவில் வெளியே நடமாட முடியாத காலம், இரண்டாம் காட்சிக்கு ஆர் போவது? 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு எனக்கு அந்த வேலை போனது. எழுபதுகளின் இறுதியில் நாடு முழுக்க 300-க்கும் மேல் இருந்த தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கலியாண மண்டபமாக, களஞ்சியமாக மாறின. அதற்குப் போர் மட்டும் காரணம் இல்லை, ஆனால் கிழக்கில் அதுதான் பெரிய காரணம்.

இப்போது வீட்டில் இருக்கிற திரை கைக்குள்ளேயே வந்துவிட்டது. எனவே மறுபடியும் பெரிய திரை. இந்தத் தடவை அதை விற்பவர்கள் தனித்தனித் தியேட்டர் முதலாளிகள் இல்லை, நூற்றுக்கணக்கான திரைகளை ஒரே பெயரில் நடத்தும் கம்பனிகள். 1963-ல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் ஸ்டான் டர்வூட் ஒரே கட்டடத்தில் இரண்டு திரை வைத்தார், அவருடைய கம்பனிதான் இன்றைய ஏஎம்சி. இந்தியாவில் பிவிஆர் கம்பனி 1997-ல் டில்லியில் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தது, 2018-ல் சென்னையின் சத்யம் அரங்குகளை நடத்திய கம்பனியை வாங்கியது, 2023-ல் ஐநொக்ஸ் என்ற இன்னொரு அரங்குக் கம்பனியோடு ஒன்றாகியது. இந்தியாவுக்கு வெளியே அவர்கள் திறந்த முதல் அரங்கு கொழும்பு காலிமுகத்திடல் பக்கம்தான், 9 திரைகள். பெரிய கம்பனி என்றால் அசையாது என்று நினைக்க வேண்டாம், அமெரிக்காவின் ரீகல் அரங்குகளை வைத்திருந்த பிரித்தானியாவின் சினிவேர்ல்ட் கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்க வேண்டி வந்தது. அதனால்தான் எல்லோரும் ஒரு டிக்கட்டுக்குக் கூடக் காசு வாங்கக்கூடிய பெரிய திரையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 2008-ல் இருந்து ஐமாக்ஸ் கம்பனி பிலிமை விட்டு டிஜிட்டல் புரொஜெக்டர்களைச் சாதாரண மல்டிபிளெக்ஸ் அரங்குகளுக்குள்ளேயே பொருத்தத் தொடங்கியது. முன்னால் இருந்த சில வரிசைகளைக் கழற்றித் திரையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து கொஞ்சம் பெரிதாக்குவார்கள், பெயர் அதே பெயர்தான். பழைய அரங்கின் திரை கிட்டத்தட்டச் சதுரமாக உயர்ந்து நிற்கும், புதிய அரங்கின் திரை உயரம் குறைந்து அகலமாக இருக்கும். அந்தத் தொடக்க கால டிஜிட்டல் 2கே. குறுக்காக 2048 புள்ளிகள். அதை எழுபதடித் திரையில் போட்டால் ஒரு புள்ளி ஒரு சென்ரிமீட்டர் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தானின் கேள்வி திரும்பி வந்துவிட்டது! 2014-ல் 4கே, அதாவது குறுக்காக அதைப் போல இரட்டிப்புப் புள்ளிகள் உள்ள லேசர் புரொஜெக்டர் வந்த பிறகுதான் அது ஓரளவுக்குச் சரியானது.

டிக்கட் காசில் ஐமாக்ஸுக்குப் பங்கு கொடுக்க விரும்பாத கம்பனிகள் தங்கள் சொந்தப் பெயரில் பெரிய திரை வைத்தார்கள். சினிமார்க் அதை எக்ஸ்டி என்கிறது, ரீகல் ஆர்பிஎக்ஸ், ஐநொக்ஸ் பிக்பிக்ஸ், வளைகுடாவின் வொக்ஸ் மெக்ஸ், இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். அவற்றில் சில ஐமாக்ஸ் பெயர் போட்ட சின்ன அரங்கை விட நல்லவை. பெயரைப் பார்த்து டிக்கட் எடுக்காதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. திரை எத்தனை அடி என்று கேளுங்கள், புரொஜெக்டருக்கு வெளிச்சம் கொடுப்பது லேசரா லாம்பா என்று கேளுங்கள். கேட்டால் சொல்ல வேண்டும், நீங்கள் கூடக் காசு கொடுப்பது அதற்குத்தான். டிக்கட் கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வெளிச்சம் எல்லாவற்றையும் விட முக்கியம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திரையில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்க அடி-லம்பேர்ட் என்று ஓர் அலகு உண்டு. சாதாரணப் படத்துக்கு 14 இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு. டொல்பி சினிமா அரங்குகளில் அது 31 வரைக்கும் போகும், அதோடு கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், விளக்கை அணைத்த அறை மாதிரி. நான் வளைகுடாவில் வேலைக்குப் போனது துப்புரவுத் தொழிலாளியாக. புரொஜெக்டர் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது, ஒருநாள் மேலே ஏறிப் போய் அங்கிருந்த பிலிப்பைன்ஸ்காரருக்கு ரீல் ஒட்டக் கை கொடுத்தேன், அன்றோடு துடைப்பத்தை வைத்துவிட்டேன். டிஜிட்டல் வந்த பிறகு மாதத்துக்கு ஒரு தடவை காலையில், அரங்கு வெறுமையாகக் கிடக்கும்போது, நடு ஆசனத்தில் இருந்து மீட்டரைப் பிடித்துத் திரையை அளப்பது என் வேலை. புதுச் செனன் லாம்பு போட்ட அன்றைக்கு 14. நாள் போகப் போக 12, 11, 9. லாம்பு விலை கூடியது, மாற்றச் சொல்லிக் கேட்டால் மேலே இருப்பவர்கள் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்பார்கள். பார்க்க வருபவர்களுக்கு என்ன குறை என்று தெரியாது, படம் ஏதோ சோர்வாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு போவார்கள். இயக்குநரையும் கமராக்காரரையும் திட்டுவார்கள். குற்றம் லாம்பில்!

போன வருடம் தங்கச்சியின் மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். ஏ லெவல் எழுதி முடித்த பிள்ளை, பெரிய திரையில் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். இரவு பஸ்ஸில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், விடியப் போய் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் குளித்து, மத்தியானக் காட்சிக்குப் போனோம். எந்த அரங்கு என்று சொல்ல மாட்டேன். விசேட காட்சி, இரட்டிப்பு விலை. படம் தொடங்கி ஐந்து நிமிசம் இருக்காது, அவள் என் காதுக்குள், “என்ன மாமா, பொழுதுபட்ட மாதிரிக் கிடக்கு?” என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். புரொஜெக்டருக்கு முன்னால் முப்பரிமாணப் படத்துக்குப் போடுகிற வடிகட்டி அப்படியே இருந்தது, ஓடுவது சாதாரணப் படம். அந்தக் கண்ணாடி பாதிக்கும் மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும். எழும்பிப் போய்ச் சொன்னேன். வந்த பையன் முதலில் நம்பவில்லை, பிறகு மேலே போய்ப் பார்த்துக் கழற்றினான். திரையில் பகல் வந்தது. அரங்கில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன், என்ன மாறியது என்று ஒருவருக்கும் தெரியாது.

இடைவேளையில் அவளை முன்னால் கூட்டிப் போய்த் திரையைக் கிட்டப் பார்க்கச் சொன்னேன். நல்ல அரங்குத் திரை முழுக்க ஊசி குத்தியது போல் நுண்ணிய துளைகள் இருக்கும், ஒரு மில்லிமீட்டர் அளவு, இலட்சக்கணக்கில். பேசுபவரின் வாயில் இருந்து குரல் வருவது போல் நமக்குத் தோன்றுவது எப்படி? ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் நிற்கிறது, சத்தம் அந்தத் துளைகள் வழியாக வருகிறது. அவள் தொடவில்லை, தொடவும் கூடாது, விரல் எண்ணெய் பட்டால் கறை போகாது. ஆனால் முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, “உள்ளுக்குக் காத்து வருகுது மாமா” என்றாள். 2012-ல் வந்த டொல்பி அட்மொஸ் இதற்கு மேலே கூரையிலும் ஸ்பீக்கர் வைத்தது, 64 ஸ்பீக்கர் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சத்தம் அனுப்பலாம், மழை பெய்தால் மழை தலைக்கு மேலேதான் பெய்யும். பொதுவாக ஒலியைச் சரிபார்ப்பது அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைத்து. காதுக்கு அந்த இடம் நல்லது. கண்ணுக்கு அதை விட இரண்டு மூன்று வரிசை முன்னுக்குப் போங்கள்.

ஆசனம் ஆடுவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது, 4டிஎக்ஸ் என்று கொரியாவில் 2009-ல் தொடங்கியது, அதில் எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். படுக்கை மாதிரிச் சாயும் ஆசனங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதைப் போடும்போது சில அரங்குகளில் பாதிக்கு மேல் ஆசனங்கள் குறைந்துவிடுகின்றன. பக்கத்தில் இருப்பவரின் தோள் படாது, சிரிப்பும் கேட்காது. நமது ஊரில் கூத்து நடக்கும் வட்டக்களரியை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஆட்டம், சுற்றிலும் சனம். வடமோடியோ தென்மோடியோ விடிய விடிய நடந்தாலும் ஆட்டக்காரரைப் பார்க்கும் அதே கண்ணால் எதிரே இருப்பவரின் முகத்தையும் பார்க்கிறோம், அவர் அழுதால் நமக்கும் தொண்டை அடைக்கும். களரியில் சனம் ஆட்டத்தைச் சுற்றி இருக்கும், ஐமாக்ஸில் படம் சனத்தைச் சுற்றி இருக்கும், எனக்கு இரண்டும் ஒரே ஆசையில் பிறந்தவையாகத்தான் படுகின்றன. இரண்டுக்கும் நெருக்கம் வேண்டும். நூறு பேர் தனித்தனிக் கட்டிலில் கிடந்து பார்ப்பதற்கு வீடே போதுமே?

இப்போது நமது ஊர் விசயம். மட்டக்களப்புக்கு அப்படி ஓர் அரங்கு வந்தால் கட்டுபடியாகாது, சனம் போதாது, கொழும்புக்குத்தான் சரி என்று நான் பேசிய எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சூளூர்ப்பேட்டையைக் காட்டுகிறேன். சென்னைக்கு வடக்கே, ஆந்திராவின் எல்லைக்குள், ஸ்ரீஹரிகோட்டா ரொக்கட் தளத்துக்குப் போகும் வழியில் இருக்கிற சின்ன ஊர் அது. 2019-ல் அங்கே நூறடி அகலத் திரையோடு ஓர் அரங்கைத் திறந்தார்கள், சென்னையில் இயங்கும் கியூப் கம்பனியின் எபிக் என்ற முறையில். எந்தப் பெருநகரத்திலும் அல்ல, நெடுஞ்சாலை ஓரத்து ஊரில். இன்று சென்னையில் இருந்து சனம் வண்டி பிடித்து அங்கே படம் பார்க்கப் போகிறது. நகரம் ஊருக்குப் போகிறது!

நமக்குச் சனம் இல்லையா? 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல், அம்பாறையில் ஆறு இலட்சத்துக்கு மேல். வாழைச்சேனையில் இருந்து ஏறாவூர், கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஒரே கரையோர வீதி, பஸ் ஓடுகிற வீதி. யாழ்ப்பாணத்தில் 2013-ல் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோது கடைத்தொகுதிக்குள் பல திரை அரங்கும் வந்தது, அங்கேயும் முதலில் இதே பேச்சுத்தான் இருந்திருக்கும். நான் ஒன்பது திரை கேட்கவில்லை. ஐமாக்ஸ் பெயரும் கேட்கவில்லை. ஒரே ஒரு திரை, அறுபதடியாவது அகலம், 4கே லேசர், ஒழுங்காகச் சரிபார்த்த ஒலி, முந்நூறு நானூறு ஆசனம், முன்வரிசைகளில் மாணவர்களுக்கு மலிவு விலை டிக்கட். லேசருக்கு வருடத்துக்குப் பலமுறை லாம்பு மாற்றும் செலவு இல்லை, வாங்கும்போதுதான் விலை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரைக்கும் கரண்ட் போன நாட்களை நான் மறக்கவில்லை, அதற்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, புரொஜெக்டர் அறையில் எந்நேரமும் குளிர் வேண்டும், நல்ல வடிகட்டி வேண்டும். இதெல்லாம் செலவுதான். ஆனால் கலியாண மண்டபங்களுக்கு இந்த ஊரில் எவ்வளவு காசு இறங்கியிருக்கிறது என்று கல்லடி வீதியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, இங்கே படம் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குறும்படம் எடுக்கிறார்கள், கைபேசியில் எடுக்கிறார்கள், கைபேசியிலேயே காட்டுகிறார்கள். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற பிள்ளைகள் மேடையிலும் இசையிலும் நன்றாகத் தேறி வருகிறார்கள். தான் எடுத்த ஒரு முகம் அறுபதடித் திரையில் எப்படி நிற்கும் என்று ஒருமுறை கண்டவன் அடுத்த படத்தில் கமராவை வேறு மாதிரித்தான் வைப்பான். பெரிய திரைக்கு எடுப்பவனுக்கு அவசரப்பட்டு வெட்ட முடியாது, பார்ப்பவரின் கண் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போக நேரம் கொடுக்க வேண்டும். அதைக் கைபேசியில் படிக்க முடியாது.

ஒரு காலத்தில் என்ன படம் வந்திருக்கிறது என்பதே நமக்கு வானொலியில்தான் தெரியும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா ‘திரைவிருந்து’ நிகழ்ச்சி நடத்தும்போது சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று கேட்போம். இன்று அதே வானொலியில் நான் இதைப் பேசுகிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் காசு போடக்கூடியவர்கள் யாராவது இருந்தால், லண்டனிலோ கனடாவிலோ இருந்து ஊரில் ஏதாவது செய்யலாமா என்று யோசிப்பவர்கள் இருந்தால், வானொலி நிலையத்தில் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். திரை எங்கே வைப்பது, துளை எவ்வளவு, ஆசனம் எந்தச் சரிவில் ஏற வேண்டும் என்பதை நான் சம்பளம் இல்லாமல் வந்து இருந்து பார்த்துத் தருவேன்.

தங்கச்சி மகளுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, அடுத்த மாதம் மறுபடியும் கொழும்புக்குப் போகிறோம். இந்தத் தடவை வேறு அரங்கு, லேசரா என்று அவளே தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டாள். முன்னால் இருந்து நான்காவது வரிசை, நடுவில் இரண்டு ஆசனம். பின்னுக்கு எடுக்கச் சொன்ன தங்கச்சியிடம், “அங்க இருந்து பாக்கிறதுக்கு வீட்டிலயே இருக்கலாம் அம்மா” என்றாளாம்.

நன்றி, வணக்கம்.